பூவனா, நேந்திரனா, கொய்யாவா? எடை குறைப்பவர்களுக்கு ஒரு வாழைக் கணக்கு

எடை குறைக்கக் கிளம்புகிறவர்கள் முதல் வேலையாகக் கைவிடுவது வாழைப்பழத்தைத்தான். "சர்க்கரை அதிகம், சதை போடும்" என்று ஒரு கட்சி. "காலையில் ரெண்டு பழம் சாப்பிடு, மதியம் வரை பசிக்காது" என்று எதிர்க்கட்சி. இந்த எதிர்க்கட்சிக்கு வரலாறே உண்டு. 1934இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜார்ஜ் ஹாரப், வாழைப்பழத்தையும் ஆடை நீக்கிய பாலையும் வைத்தே ஓர் எடைக்குறைப்பு முறையை வெளியிட்டார். வாழைப்பழ வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி அதைப் பரப்புவதில் காட்டிய ஆர்வத்தைச் சொல்லவே வேண்டாம். 2008இல் ஜப்பானில் 'காலை வாழைப்பழ டயட்' பிரபலமாகி, கடைகளில் பழமே கிடைக்காத நிலை வந்தது.

ஆனால் அந்த ஜப்பானிய முறையின் மற்ற விதிகளைப் பாருங்கள்: இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும், சாப்பிட்டபின் இனிப்பு கூடாது, நள்ளிரவுக்கு முன் தூங்கிவிட வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவர் காலையில் வாழைப்பழத்துக்குப் பதில் இட்லி சாப்பிட்டாலும் கொஞ்சம் இளைத்திருப்பார். ஹாரப்பின் முறையிலும் அதே கதைதான். பழமும் பாலும் சாப்பிட்டவர்கள் வேறு எதையும் அதிகம் சாப்பிடவில்லை.

ஆகவே, வாழைப்பழம் சாப்பிடலாமா கூடாதா என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. எந்த வாழை, எவ்வளவு பெரியது, எதற்குப் பதிலாக என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் பதில் வரும்.

'ஒரு பழம்' என்பது அளவே அல்ல

உரித்த வாழைப்பழம் 100 கிராமில் சுமார் 89 கலோரி, மாவுச்சத்து 23 கிராம், அதில் சர்க்கரை 12 கிராம் போல, நார்ச்சத்து 2.6 கிராம்; புரதம் ஒரு கிராமுக்குச் சற்று மேல். இது உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் ரகத்தின் கணக்கு. நம் ஊரில் அதன் உறவினர்கள்தாம் பச்சைப்பழம், மோரிஸ், ரோபஸ்டா என்று பல பெயர்களில் விற்கின்றன. வெளிநாட்டுக் குறிப்பேடுகளில் 'நடுத்தர வாழைப்பழம் ஒன்று, 105 கலோரி' என்று இருக்கும். அது 118 கிராம் பழம். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் போனால் ஒன்றும் ஒட்டாது. அங்கே கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய பழமும் 'ஒரு பழம்', முழங்கையில் பாதி நீளமுள்ளதும் 'ஒரு பழம்'.

சின்னதிலிருந்து தொடங்கலாம். ஏலக்கி உரித்தால் பெரும்பாலும் 40, 50 கிராம்தான் தேறும். கலோரி 40 சொச்சம். கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி, புவிசார் குறியீடு பெற்ற பழம், அதுவும் ஒல்லியான சின்னப் பழமே. திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலை, விருப்பாட்சி மலைவாழைகளும் பெரியவை அல்ல. எடை குறைக்கிறவருக்கு இந்தச் சின்ன ரகங்களைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். காரணம் அவற்றில் ஏதோ தனிச் சத்து இருப்பதல்ல. ஒன்று தின்றாலும் ஒரு முழுப் பழம் தின்ற திருப்தி வந்துவிடுகிறது. ஆசைக்கு இரண்டாவது எடுத்தாலும் ஒரு பச்சைப்பழத்தின் கணக்குக்குள் அடங்கிவிடும். மனம் எண்ணிக்கையைப் பார்க்கிறது, உடம்பு எடையைப் பார்க்கிறது.

அடுத்தது பூவன். தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளின் நிரந்தரக் குடிமகன். லேசான புளிப்பு, மெல்லிய தோல், உரித்தபின் 60 முதல் 80 கிராம். தினசரிப் பழம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு இதற்கே. எந்த ஊரிலும் கிடைக்கும், விலை கட்டுப்படியாகும், புளிப்பு இருப்பதால் அடுத்தடுத்துத் தின்னத் தோன்றாது. கற்பூரவள்ளியும் ஏறக்குறைய இதே அளவுதான், ஆனால் தேன்போல் இனிக்கும். நம் பழங்களில் இனிப்பு மிகுந்தவற்றில் ஒன்று. ஒன்றோடு நிறுத்த முடிகிறவர் தாராளமாகச் சாப்பிடலாம். அப்படி நிறுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ரஸ்தாளி இரண்டுக்கும் நடுவில். நன்றாகப் பழுக்காத ரஸ்தாளி தொண்டையைப் பிடிக்கும் என்பதால் அவசரப்பட்டுத் தின்ன முடியாது, அதுவும் ஒரு கட்டுப்பாடுதான்.

செவ்வாழை விஷயத்தில் மக்கள் நம்பிக்கை எக்கச்சக்கம். கண் பார்வை, ஆண்மை, ரத்தம், இப்போது எடைக்குறைப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நல்ல பழம், அருமையான மணம், மறுக்கவில்லை. ஆனால் உரித்த செவ்வாழை ஒன்று சாதாரணமாக 120 கிராமைத் தாண்டும். அதாவது இரண்டு பூவன். தோலின் சிவப்பு கலோரியைக் குறைப்பதில்லை. விலையை மட்டும் கூட்டுகிறது. சாப்பிட ஆசையென்றால் பாதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர் நேந்திரன். நாகர்கோவில் பக்கம் ஏத்தன். தண்ணீர் குறைவு, மாவு அதிகம் என்பதால் 100 கிராமுக்கே 120 கலோரி அளவுக்குப் போகும், பழமும் பெரியது. நன்கு விளைந்த ஒரு நேந்திரன் 180 கலோரியை எளிதாகத் தொடும். இதைச் 'சாப்பாட்டுக்குப் பின் ஒரு பழம்' என்று நினைப்பதில்தான் பிழை. நேந்திரன் பழமல்ல, ஒரு வேளைச் சாப்பாட்டின் பாதி. ஆவியில் வேகவைத்த ஒரு ஏத்தன்பழமும் ஒரு முட்டையும் நல்ல காலை உணவு. புட்டு, பயறு, பப்படம், சீனி எல்லாவற்றோடும் சேர்ந்து வந்தால் கணக்கு வேறு.

பச்சைத் தோலை நம்பாதீர்கள்

'காயாக இருக்கும்போது சாப்பிட்டால் சர்க்கரை குறைவு' என்பதில் உண்மை உண்டு. காயில் இருப்பது பெரும்பாலும் மாவு. அதில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் நார்ச்சத்துபோல் வேலை செய்யும். பழுக்கப் பழுக்க அந்த மாவு சர்க்கரையாகிறது. அதனால் செங்காய்ப் பழம் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும், கனிந்தது சற்று வேகமாக ஏற்றும். ஆனால் மொத்தக் கலோரியில் பெரிய மாற்றம் இல்லை. கரும்புள்ளி விழுந்ததாலேயே ஒரு பழம் கொழுப்பூட்டும் பழமாகிவிடாது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. கேவண்டிஷ் ரகப் பழங்கள் நம் வெயிலில் பழுத்தால் தோல் மஞ்சளாவதே இல்லை. உள்ளே கொழகொழவென்று கனிந்திருக்கும், வெளியே பச்சை மாறாது. பச்சைப்பழம் என்ற பெயரே அதனால்தான். குளிரூட்டிய அறையில் எத்திலீன் வாயு விட்டுப் பழுக்கவைத்தால் அதே பழம் சூப்பர்மார்க்கெட்டில் பளபளவென்று மஞ்சளாக நிற்கும். ஆகவே 'பச்சையாக இருக்கிறது, சர்க்கரை குறைவு' என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பது நம்பகமான வழி. கடைக்காரர் முறைப்பார், அது வேறு விஷயம்.

மற்ற பழங்களுக்குப் பக்கத்தில்

100 கிராமுக்குப் பப்பாளி 43 கலோரி, ஆரஞ்சு 47, ஆப்பிள் 52, கொய்யா 68. தர்பூசணி வெறும் 30. வாழையோடு ஒரே வரிசையில் நிற்பவை சப்போட்டா, பலா போன்றவை. இன்னொரு கணக்கும் வாழைக்குச் சாதகமாக இல்லை. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர், 38 உணவுகளைச் சம கலோரி அளவில் கொடுத்து, எது எவ்வளவு வயிற்றை நிறைக்கிறது என்று ஒப்பிட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்றால் வாழைப்பழத்துக்கு 118, ஆப்பிளுக்கு 197, ஆரஞ்சுக்கு 202. எல்லாவற்றையும் தோற்கடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு, 323. எடை கூட்டும் என்று நாம் ஒதுக்கிவைக்கும் கிழங்குதான்!

ஆக, பழங்களுக்குள்ளேயே போட்டி என்றால் நான் கொய்யாவைத்தான் தேர்ந்தெடுப்பேன். வாழையைப் போல் இரு மடங்கு நார்ச்சத்து, கடித்து மென்று தின்னவே நேரம் பிடிக்கும், விலையும் குறைவு. வீட்டில் இருக்கும்போது கொய்யா, பப்பாளி. ஆனால் வாழைப்பழம் கொய்யாவோடு மட்டும் போட்டி போடுவதில்லை. பேருந்து நிலையத்தில், அலுவலகத்தில், மாலை ஐந்தரை மணிக்குப் பசிக்கும்போது எதிரில் நிற்பது பஜ்ஜியும் பப்ஸும். கழுவ வேண்டாம், வெட்ட வேண்டாம், கை ஒட்டாது. அந்த இடத்தில் வாழைக்கு ஈடு இல்லை.

எதற்குப் பதிலாக?

தேர்வு உண்மையில் நடப்பது இங்கேதான். மாலை டீயோடு இரண்டு வடை தின்கிறவர் அதை விட்டு இரண்டு பூவன் எடுத்தால் கலோரி நன்றாகக் குறையும், எண்ணெயும் போகும். இது லாபம். இரவு மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, 'காலையில் வயிறு சுத்தமாகப் போகும்' என்று பழக்கத்தில் ஒரு பச்சைப்பழம் எடுப்பவருக்கு அது மேல்வரும்படி. நாளொன்றுக்கு 100 கலோரி, வருடத்துக்கு 36,500. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று காகிதத்தில் வகுத்தால் நாலு கிலோவுக்கு மேல் வருகிறது. உடம்பு அப்படிக் கணக்குப் பிள்ளைபோல் எழுதி வைப்பதில்லை, கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும். ஆனாலும் திசை அதுதான். இரவு என்பதால் குற்றமில்லை, மேலதிகம் என்பதால்தான். அந்தப் பழக்கத்தை விட மனமில்லாதவர் ஒரு தோசையைக் குறைத்துக்கொள்ளட்டும், அல்லது ஏலக்கிக்கு மாறட்டும்.

காலை உணவாகப் பழம் மட்டும் தின்பவர்கள் பத்தரை மணிக்கே கேன்டீன் பக்கம் போவதைக் காணலாம். புரதம் இல்லாததே காரணம். பழத்தோடு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒன்று வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் நாளுக்குப் பழம் 100 கிராம் என்கிறது. காய்கறியும் கீரையும் 400 கிராம்.

பழத்தை மிக்சியில் போட்டுப் பால், சீனி, ஐஸ்கிரீம் சேர்த்தபின் அதை வாழைப்பழம் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. பழனிப் பஞ்சாமிர்தம் பிரசாதமாக விரல் நுனியில் வாங்கிக்கொள்வதற்கு. டப்பாவோடு மேசையில் வைப்பதற்கல்ல. நேந்திரம் சிப்ஸ் 100 கிராம் 500 கலோரிக்கு மேல்.

மரத்தின் மற்ற பாகங்கள் இதில் நல்ல பிள்ளைகள். வாழைத்தண்டும் வாழைப்பூவும் கலோரி குறைந்தவை. கூட்டாகவோ பொரியலாகவோ, தேங்காயும் எண்ணெயும் கை அடக்கமாக இருந்தால், சோற்றைக் குறைக்க உதவும். தண்டைச் சாறு பிழிந்து வடிகட்டிக் குடித்தால் எடை குறையும் என்பது மட்டும் எனக்குப் புரியாத வைத்தியம். வடிகட்டியில் தங்கி, குப்பைக்குப் போவதுதான் நமக்கு வேண்டிய நார். வாழைக்காயை வேகவைத்துப் புட்டாக உதிர்த்தால் நல்லது. வறுவல் என்றால் அது எண்ணெயின் கணக்கில் எழுத வேண்டியது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மேலே சொன்ன எதையும் பின்பற்றும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பொட்டாசியம் பழத்தில் மட்டுமல்ல, தண்டிலும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சின்னப் பழம் ஒன்று, சோற்றோடு சேர்க்காமல், பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதையும் குளுக்கோமீட்டர் வைத்துத் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, வாங்கும் விதம். மலிவு என்று முழுச் சீப்பு வாங்கினால் மூன்றாம் நாள் எல்லாம் ஒன்றாகக் கனிந்து நிற்கும். வீணாகுமே என்று வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் அம்மா, நான்கைந்தை ஒரே நாளில் தின்று தீர்ப்பார். எடை கூடுவது அப்படித்தான். உதிரியாக, ஒன்று கனிந்தது, இரண்டு செங்காய் என்று வாங்குங்கள். மிஞ்சிக் கனிந்துவிட்டால் உரித்து, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். அரைப் பழமாக எடுத்துக் கெட்டித் தயிரில் அடித்தால், வெயில் காலத்தில் சீனி சேர்க்காத குளிர்ந்த மாலைத் தீனி ஆகிவிடும்.