விரல் ரேகை சொல்லுமா பிள்ளையின் அறிவை?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் பத்து விரல் ரேகைகளையும் பதிவுசெய்து 'டி.எம்.ஐ.டி.' என்று ஓர் அறிக்கை தந்தார்கள். இசை அறிவு 16 சதவீதம், கணித அறிவு 9 சதவீதமாம். பிறவியிலேயே அப்படித்தான், மாறாது என்கிறார்கள். கழித்தல் கணக்கில் இப்போதே தடுமாறுகிறான். எனக்குத் தூக்கமே வரவில்லை.
- கே.எஸ்., விவேக் நகர், பெங்களூரு

பதில்: கவலையை விடுங்கள், அம்மா. அந்த 9 உங்கள் மகனைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அது மதிப்பெண்ணும் அல்ல. நீங்கள் அனுப்பிய நகலில் எட்டு வகை அறிவையும் கூட்டினால் சரியாக 100 வருகிறது. அப்படியானால் சராசரியே 12.5தான். எட்டிலும் ஒரேபோலக் கெட்டிக்காரனான பிள்ளைக்கும் ஒவ்வொன்றிலும் அதற்கு மேல் கிடைக்காது!

விரல் ரேகைகள் கருவின் ஆறாவது மாதத்துக்குள் அமைந்துவிடுகின்றன, பிறகு மாறுவதில்லை. அதனால் எத்தனை முறை எடுத்தாலும் ஒரே முடிவு வரும். இது நம்பகத்தன்மை. ஆனால் ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது) வேறு. செருப்பு அளவும் எத்தனை முறை எடுத்தாலும் மாறாது. அதை வைத்து ஞாபகசக்தியைச் சொல்ல முடியுமா? இன்ன விரல் மூளையின் இன்ன பகுதியைக் காட்டும் என்று இவர்கள் சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019இல் அறிவித்தது.

அறிவு ஒன்றல்ல, பல வகை என்று அறிக்கை சொல்வது பன்முக அறிவுக் கொள்கையிலிருந்து வந்தது. அதை 1983இல் முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர். அவர் ரேகை பார்க்கச் சொல்லவே இல்லை. இந்த வகைகளை அளக்க, 'எனக்குப் பாட்டு பிடிக்கும்' என்பதுபோன்ற வாக்கியங்களுக்குக் குறியிடச் சொல்லும் வினாத்தாள்களும் உண்டு. அவை பெரும்பாலும் விருப்பத்தைக் காட்டும், திறமையை அல்ல. கொள்கையே இன்னும் விவாதத்தில் இருக்கிறது: மொழி, கணிதம், இடஞ்சார்ந்த திறன் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றில் வல்லவர் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறார். தனித்தனி அறிவுகள் என்றால் அப்படி வரக்கூடாதே!

கழித்தல் தடுமாற்றம் உண்மையானது; கவனிக்க வேண்டியது அதைத்தான். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். 45 என்று எழுதினால், 2-இலிருந்து 7 போகாது என்று திருப்பிப்போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். கடன் வாங்குவது புரியவில்லை, அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளில் ஒரு கட்டை அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். எண்ணில் சரியாகப் போட்டு வாக்கியக் கணக்கில் மட்டும் தடுமாறினால், வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கும் பிள்ளைக்குக் கேள்வியே புரியாமல் இருக்கலாம். தமிழில் கேட்டுப் பாருங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

சில மாதம் இப்படிச் சொல்லிக்கொடுத்தும் தேறாவிட்டால் மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் குழந்தைகள் பிரிவு உண்டு, உங்களுக்குத் தூரமும் இல்லை. அங்கே பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். போகும்போது அவனுடைய கணக்கு நோட்டுகளை, அடித்தல் திருத்தலோடு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். அந்த அறிக்கை தேவையில்லை. அவன் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.