நிறம் மறைந்தால் சாயம் சிதைந்ததாகுமா?

ஒளிவினையூக்கத்தில் (ஒளியைக் கொண்டு வேதிவினையைத் தூண்டுதல்) ஆய்வு தொடங்கும் மாணவர்கள் பலர் ஒரே முடிவோடு வருகிறார்கள். கிராஃபீன்–டைட்டானியம் டைஆக்சைடு நானோ கலவைப் பொடியை மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் இட்டு விளக்கொளியில் வைத்தார்கள், நீலம் மறைந்தது. கண்ணுறு ஒளியில் பொடி வேலை செய்கிறது என்று உடனே எழுதிவிட வேண்டாம். நீலம் மறைய வேறு காரணங்களும் உண்டு.

அனடேஸ் வகை டைட்டானியம் டைஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் தாண்ட வேண்டிய தடை) ஏறத்தாழ 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்டவைக்கச் சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளி வேண்டும். கிராஃபீனின் முக்கிய வேலை, கிளர்ந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, அது துளையோடு (எலக்ட்ரான் விட்டுச்சென்ற வெற்றிடம்) மீண்டும் சேர்வதைத் தாமதப்படுத்துவது. ஆனால் அதே கிராஃபீன் ஏடு சாய மூலக்கூறுகளை இருட்டிலேயே தன்மீது ஒட்டவைத்துக்கொள்ளும் (பரப்புக் கவர்தல்). மெத்திலீன் நீலமும் 664 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி, எலக்ட்ரானைப் பொடிக்குத் தந்துவிட்டுத் தானே நிறமிழக்கும்.

பொடியைப் பிரித்தெடுத்து எத்தனாலில் கழுவிப் பாருங்கள். நீலம் வெளியே வந்தால் அந்தச் சாயம் சிதையவில்லை, ஒட்டியிருந்திருக்கிறது. 664 நானோமீட்டர் அருகே உள்ள உறிஞ்சல் முகடு தாழ்வதோடு குறைந்த அலைநீளப் பக்கம் நகர்ந்தால், மெத்தில் தொகுதிகள் கழன்றிருக்கலாம். மூலக்கூறின் வளையங்கள் அப்படியே இருக்கக்கூடும். மொத்தக் கரிமக் கார்பன் அளவு இறங்கினால்தான் சாயம் முழுதாகச் சிதைகிறது என்று சொல்ல முடியும்.

விளக்கைப் போடும் முன் கரைசலை இருட்டில் கலக்குங்கள். அரை மணி நேரம் என்பது வழக்கம்தான், விதி அல்ல. அளவீடு மாறாமல் நிற்கும்வரை காத்திருந்து, அந்தச் செறிவையே தொடக்கமாகக் கொள்ளுங்கள். 420 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை வெட்டும் வடிகட்டியைப் பொருத்துங்கள். பொடி இல்லாத சாயக் கரைசலையும், கிராஃபீன் சேர்க்காத டைட்டானியம் டைஆக்சைடையும் அதே விளக்கில் சோதியுங்கள். பிறகு, சாயமே ஒளியை உறிஞ்சுவதால் வரும் குழப்பத்தைத் தவிர்க்க, நிறமற்ற பீனாலில் செய்து பாருங்கள். அதுவும் பொடியின் பரப்போடு பிணைந்து சிறிது கண்ணுறு ஒளியை உறிஞ்சக்கூடும் என்பதால், பீனால் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

முடிவு மோசமானால் பதறி கிராஃபீனைக் கூட்டாதீர்கள். அளவு மிஞ்சினால் கரிய ஏடுகளே ஒளியை மறைத்துவிடும். 2010இல் சீனாவின் ஃபூஜோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாயுநிலை பென்சீனைச் சிதைத்துப் பார்த்து, கிராஃபீன் கலவை மற்ற கார்பன் கலவைகளிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதல்ல என்றார்கள். எனவே கிளர்வூட்டிய கரியோடும் (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒப்பிடுவது நல்லது.

இந்தக் கலவைக்குத் தேவையான கிராஃபீனுக்காக ஹம்மர்ஸ் முறையில் (கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றும் முறை) கிராஃபீன் ஆக்சைடு தயாரிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அடர் கந்தக அமிலத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை அவசரமாகக் கொட்டினால் உண்டாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு, சூடேறினால் வெடிக்கும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்துச் சிறிது சிறிதாகவே சேருங்கள்.

ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது இருட்டுச் சோதனையின் வரைபடத்தையும் தவறாமல் இணையுங்கள்.