சீனி போய் கருப்பட்டி வந்தது

எங்கள் பூங்காவில் காலையில் எட்டுச் சுற்று நடப்பவர்கள் அடுத்து நேராக வருவது வாசல் டீக்கடைக்கு. "எனக்கு நாட்டுச்சர்க்கரை போட்டு, நல்லா இனிப்பா" என்பவருக்குச் சுகர் வந்து ஆறு வருஷம். கூடவே ஒரு மெதுவடை. நடந்தாயிற்றே!

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. இத்தனை பேர் இருக்கும்போது டீக்கடைக்கு ஒரு வைத்தியம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

"கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரைக்குச் சுகர் ஏறாது"

ஏறும். வெள்ளைச் சீனி சுக்ரோஸ். மற்ற இரண்டிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு என்பது நிஜம். ஒரு ஸ்பூன் கருப்பட்டியில் அது எவ்வளவு தேறும்? அதற்கு முருங்கைக்கீரை இருக்கிறது. காலையில் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டால் மத்தியானப் பாயசம் கணக்கில் வராது என்பவர்களும் உண்டு. கசப்பும் இனிப்பும் நாக்கில்தான் சண்டை போடும், ரத்தத்தில் இல்லை.

"ராத்திரி சோறு கிடையாது, சப்பாத்திதான்"

ஒரு கப் சோற்றில் உள்ள மாவுச்சத்து சுமார் 45 கிராம். மூன்று சப்பாத்தியிலும் ஏறக்குறைய அவ்வளவே. கோதுமையில் நார்ச்சத்து சற்று அதிகம், அந்த மட்டில் லாபம். ஆனால் நம் வீடுகளில் சப்பாத்தி மூன்றோடு நிற்பதில்லை, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமாவும் வந்துவிடுகிறது. கேழ்வரகின் கதையும் இதுதான். நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து, சுகரையும் சீக்கிரம் ஏற்றும். தட்டில் பெயர் மாறுகிறது, அளவு மாறுவதில்லை.

"இந்துப்பு பிரஷரை ஏற்றாது"

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். ஒரு நாளைக்கு எல்லா உப்பும் சேர்ந்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதில் அடக்கம்.

"மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும்"

எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். அப்படிக் கெட்ட பிறகு, மெட்ஃபார்மின் மாத்திரையை மருத்துவர் குறைப்பார் அல்லது நிறுத்துவார். பழுதான கிட்னியால் அந்த மருந்தைச் சரியாக வெளியேற்ற முடியாது என்பதே காரணம். பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவர்கள் மாத்திரைதான் கிட்னியைத் தின்றது என்று கதையைத் தலைகீழாகச் சொல்லிவிட்டார்கள்.

தலை சுற்றவில்லை, மயக்கம் இல்லை, எனவே பிரஷர் இறங்கிவிட்டது என்று தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 140/90-ஐத் தாண்டியதா என்று கருவிதான் சொல்லும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் வைத்தால் பிரஷர் இறங்காது.

வேடிக்கை என்னவென்றால், கிட்னிக்குப் பயந்து சுகர் மாத்திரையை விட்டவர், மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபினாக் வாங்கித் தினம் விழுங்குவார். நாள்பட்டால் கிட்னியை நிஜமாகவே கெடுக்கக்கூடியது அந்த வலி மாத்திரை. சுகரும் பிரஷரும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கிட்னி பற்றிய பயம் இருப்பது நல்லதுதான். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். போடுகிற வலி மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.