மார்பகப் பரிசோதனை: வெட்கம் தடையாக வேண்டியதில்லை



இந்த மாதப் பாடத்தை ஆண்களும் படிக்க வேண்டும். பெண்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல், வாப்பாமார்களும் கணவன்மார்களும் ஒருமுறை படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள்.

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் மார்பகப் புற்றுநோய் மனுக்களைப் படிக்கும்போது மனம் கனத்துப் போகிறது. கட்டி தெரிந்த நாளுக்கும் டாக்டரிடம் போன நாளுக்கும் நடுவே பல மாதங்கள் ஓடியிருக்கும். கேட்டால் காரணங்கள் வரும். மகள் நிக்காஹ் முடியட்டும் என்றிருந்தோம். சபுரிலிருந்து அவர் வரட்டும் என்றிருந்தோம். நோன்பு கழியட்டும் என்றிருந்தோம். வலிக்கவே இல்லையே, அதனால் விட்டுவிட்டோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: அதைப் போய் யாரிடம், எப்படிக் காட்டுவது?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் வந்ததாகவும், சுமார் 98,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

வெட்கம் ஈமானைச் சேர்ந்தது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த வெட்கத்தை நபித்தோழியர் எங்கே நிறுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கடமையான குளிப்பு பற்றி உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். அன்சாரிப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ள வெட்கத்தைத் தடையாக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற பெண்கள் போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்குச் சிகிச்சை செய்திருக்கிறார்கள். தேவை வரும் இடத்தில் மார்க்கம் நம்மை முடக்கிப் போடுவதில்லை.

ஆலிம்கள் இதற்கு ஒரு வரிசையே சொல்லித் தந்திருக்கிறார்கள். முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர். இல்லாவிட்டால் பிற சமயப் பெண் மருத்துவர். பெண் மருத்துவரே கிடைக்காவிட்டால் ஆண் மருத்துவரிடம் காட்டலாம். மஹ்ரமான ஒருவர் உடனிருக்க வேண்டும், தேவையான இடத்தைத் தேவையான அளவு மட்டுமே திறக்க வேண்டும். "பெண் டாக்டர் இல்லை, அதனால் போகவில்லை" என்று ஆறு மாதம் வீட்டில் இருப்பது அந்த வரிசையில் எங்கும் இல்லை.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு செய்தி. மார்பகப் பரிசோதனை என்றதும் பெரிய ஆஸ்பத்திரி, பெரிய இயந்திரம் என்றுதான் நினைக்கிறோம். நம் நாட்டுக்குப் பொருந்தும் முதல் பரிசோதனைக்கு இயந்திரமே வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கைகள் போதும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதைத்தான் 20 ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 35 முதல் 64 வயது வரையான சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று நான்கு முறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 2021-இல் முடிவு வெளியானது. பரிசோதனை செய்யப்படாத பிரிவில் நோய் வந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில்தான் தெரிந்தது. பரிசோதனை செய்யப்பட்ட பிரிவில் அது 37 சதவீதமாகக் குறைந்தது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே இறப்பில் அப்படிக் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே உம்மாவும் மாமியாரும்தான் முதலில் போக வேண்டியவர்கள். நம் வீடுகளிலோ "எனக்கு இனி என்ன வந்தால் என்ன" என்று சொல்லிக்கொண்டு கடைசியாக டாக்டரைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இந்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் நெறி. கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் அங்கேயே கேட்டுச் செய்துகொள்ளலாம். செவிலியர் பெண்தான். திரை இருக்கும். சில நிமிட வேலை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெருவில் நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். கல்யாண வீட்டுக்குச் சேர்ந்து போகத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை.

பரிசோதனைக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு. தோல் உள்ளே இழுபட்டுக் குழி விழுதல். ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகத் தடித்தல். காம்பு புதிதாக உள்ளே திரும்புதல். காம்பிலிருந்து இரத்தம் கசிதல். காம்பில் ஆறாத புண். இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். வலி இல்லை என்பது நல்ல அடையாளம் அல்ல. புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதே சமயம், கட்டி என்றதும் இடிந்து போகவும் வேண்டாம். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பால் கொடுக்கும் தாய்மார்கள் எல்லாவற்றையும் பால் கட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் கரையாத கட்டியை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாலூட்டுவது இந்நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது உண்மை. பாலூட்டியவருக்கு வரவே வராது என்பது உண்மையல்ல.

மாதாமாதம் தானே கையால் பார்த்துக்கொண்டால் போதாதா என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். சீனாவில் ஷாங்காய் நகர ஆலைப் பெண்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் உங்கள் உடல் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள். மாற்றம் தெரிந்தால் போங்கள். ஆனால் அதையே பரிசோதனை என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

கையால் பார்த்ததில் சந்தேகம் வந்தால் மேமோகிராம் அல்லது ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சந்தேகம் இல்லாவிட்டாலும் 50 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுப்பது வசதியுள்ள நாடுகளில் வழக்கம். 40-க்குக் கீழே மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் ஸ்கேன்தான் முதலில். மேமோகிராம் என்பது குறைந்த கதிர்வீச்சுள்ள எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பகத்தைச் சில விநாடிகள் அழுத்துவார்கள். கொஞ்சம் வலிக்கும், உடனே போய்விடும். நேரம் வாங்கும்போதே பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று கேளுங்கள். அன்று பவுடர், சென்ட் போட வேண்டாம். படத்தில் புள்ளியாகத் தெரிந்து குழப்பும். மேலாடை தனியாக உள்ள உடை உடுத்திப் போனால் அதை மட்டும் கழற்றினால் போதும். உடலுக்குள் எதுவும் செலுத்துவதில்லை என்பதால் நோன்பு வைத்துக்கொண்டும் எடுக்கலாம்.

ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு நம் பகுதியில் பலமாக இருக்கிறது. அப்படிப் பரவுவதில்லை. அந்தச் சோதனை இல்லாமல் எது கட்டி, எது புற்று என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும் வாய்ப்பும் அதிகம்.

இன்னொரு பயம், பெண் பிள்ளைகளின் சம்பந்தம். உம்மாவுக்குப் புற்று என்று வெளியே தெரிந்தால் மகளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று மறைக்கிறார்கள். இந்நோய் தொற்றுவதில்லை. பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறால் உண்டாவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். அந்தக் கோளாறு வாப்பா வழியாகவும் வரலாம். வாப்பாவின் சகோதரிக்கோ அவருடைய உம்மாவுக்கோ இளம் வயதில் இந்நோய் வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மறைத்து வைத்தால் அந்த மகளுக்கே தன் ஆபத்து தெரியாமல் போய்விடும். இத்தகைய குடும்பத்துப் பெண்கள் எந்த வயதில் பரிசோதனை தொடங்குவது என்று டாக்டரைத் தனியாகக் கேட்பது அவசியம்.

செலவு பற்றி: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே கார்டு எடுத்து வையுங்கள். பரிசோதனைக்குப் போக, வரத் துணையோ வண்டிக் கூலியோ தேவைப்படும் சகோதரிகள் நமது டிரஸ்ட்டின் பெண் ஊழியர்களிடம் சொல்லலாம். பெயர் வெளியே போகாது.