எண் பெரிதானால் காரணியும் பெருகுமா?

ஆரணிப் பட்டுத் தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள் இருப்பது வழக்கம். பெட்டியில் மாட்டும் அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய கொக்கி எழும்பிப் பாவு இழையைத் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. ஒவ்வொரு கொக்கிக்கும் இரண்டே வாய்ப்பு. அப்படியானால் ஒரே ஓர் அட்டையை எத்தனை விதமாகத் துளையிடலாம்? 240 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விடை 73 இலக்க எண்.

இத்தனை பெரிய எண்ணை வகுக்கும் எண்களும் எக்கச்சக்கமாக இருக்கும் என்றே பலரும் நம்புகிறார்கள். இல்லை. அதற்குள் 2ஐத் தவிர வேறு பகா எண்ணே கிடையாது. 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்கள் மட்டுமே அதை மீதியின்றி வகுக்கும். மொத்தம் 241 காரணிகள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண் ஒன்றுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். காரணிகளோ இரண்டுதான்.

இப்போது 67,46,32,83,88,800 என்ற எண்ணைப் பாருங்கள். வெறும் 13 இலக்கம், ஆனால் 10,080 காரணிகள்! 2 முதல் 23 வரையுள்ள ஒன்பது பகா எண்களும் அதில் உண்டு. 2, 3, 5, 7 ஆகியவை பலமுறை வருகின்றன. செழிப்பு அந்தக் கலவையில் இருக்கிறது, நீளத்தில் இல்லை.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களை 1915இல் ஆராய்ந்தவர் ராமானுஜன். கொக்கிகளின் எண்ணிக்கையான 240ம் அந்த வகையே. அதற்கு 20 காரணிகள். புட்டா எனும் சிறு பூ வடிவம் ஒன்றுக்கு 80 கொக்கி என்றால் மூன்று, 60 என்றால் நான்கு, 48 என்றால் ஐந்து என்று மிச்சமில்லாமல் அடங்கும். பெட்டியில் 241 கொக்கிகள் இருந்தால், அது பகா எண் என்பதால், எப்படியும் சமமாகப் பிரிக்க முடியாது.

அட்டை விதங்களின் எண்ணிக்கையை முழுவதும் பெருக்கிப் பார்த்தால்தான் அதன் கடைசி இலக்கம் தெரியும் என்பதும் தவறு. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும். 240 நான்கால் வகுபடுவதால், அந்த 73 இலக்க எண் 6இல் முடியும்.

ராமானுஜனுக்கு எல்லாமே அவர் வழிபட்ட தெய்வமான நாமகிரித் தாயாரின் அருளால் கனவில் கிடைத்தன, நிரூபணம் என்று எதுவும் இல்லை என்ற பேச்சும் உண்டு. தாயாரிடம் அவருக்கிருந்த பக்தி உண்மை. ஆனால் 1915 கட்டுரை பக்கம் பக்கமாக வாதங்களால் ஆனது. கேம்பிரிட்ஜ் 1916இல் அவருக்குப் பட்டம் வழங்கியதே அந்த ஆய்வுக்காகத்தான். இத்தகைய எண்களை அவர் கையால் கணக்கிட்டு அக்கட்டுரையில் தந்த நீண்ட பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற ஓர் எண் விடுபட்டிருக்கிறது. கனவில் வந்த பட்டியலாக நினைத்து அவரது உழைப்பை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன 13 இலக்க எண், அதாவது பட்டியலின் கடைசி எண், கிடைக்கும்.