கணக்கெடுக்க வருபவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

2025 செப்டம்பர் 22 அன்று கர்நாடகப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் சமூக, கல்விக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. மின் மீட்டர் எண்ணை வைத்து வீடுகளை அடையாளம் கண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு 60 கேள்விகளோடு ஆசிரியர்கள் வாசலுக்கு வந்தார்கள். அதன் பின்னாலேயே தேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அதற்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. விவரங்கள் கைப்பேசியில் பதிவாகும் இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதுதான். கர்நாடகத்தின் கௌதள்ளி போன்ற ஊர்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள நிறையவே இடமிருக்கிறது.

நம்பிக்கை: இஷ்டம் இருந்தால் பதில் சொன்னால் போதும், கோர்ட்டே சொல்லிவிட்டது.

சொன்னது நிஜம். ஆனால் அது ஆணையத்தின் கணக்கெடுப்பைப் பற்றியது. 2025 செப்டம்பர் 25 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க மறுத்தது. கூடவே, பங்கேற்பது கட்டாயமில்லை என்று மக்களிடம் சொல்ல வேண்டும், திரட்டிய விவரம் யாருக்கும் போகக் கூடாது என்று ஆணையத்துக்கு உத்தரவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 1948ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி நடப்பது. அதில் தெரிந்தவரை உண்மையைச் சொல்வது கடமை. சில விலக்குகளும் உண்டு. உதாரணமாக, வழக்கத்தை ஒட்டிக் கணவர் பெயரைச் சொல்லாத பெண்ணை அந்தப் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது என்று 8ஆம் பிரிவு சொல்கிறது.

நம்பிக்கை: சொல்வதெல்லாம் போலீசுக்கும் வருமான வரிக்கும் போய்ச் சேரும்.

இந்தப் பயத்துக்கு நேரடியான பதில் அதே 1948 சட்டத்தின் 15ஆம் பிரிவு. கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பதிவு சிவில் வழக்கில் சாட்சியமாகாது. இதே சட்டத்தை மீறியதற்கான வழக்கைத் தவிர வேறு குற்ற வழக்கிலும் ஆகாது. கேட்டதை வெளியே சொல்லும் ஊழியருக்கு 1000 ரூபாய் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை.

இருந்தாலும் இந்தப் பூட்டில் ஒரு சந்து இருக்கிறது. அரசின் முன் அனுமதி இல்லாமல் சொல்வதைத்தான் 11ஆம் பிரிவு குற்றம் என்கிறது. இது வெறும் வார்த்தைச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 1942இல் போர்க்காலச் சட்டம் கணக்கெடுப்பின் ரகசியக் காப்பைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டே வாஷிங்டன் நகரில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரின் விவரம் அரசின் இன்னொரு துறைக்குக் கைமாறியது. ஆய்வாளர்கள் அதை ஆவணத்தோடு நிறுவியது 2007இல்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கைத் தொடுத்தவரே கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் 1948இன் இந்தச் சந்தைத் திறந்தே வைத்திருப்பது சரியில்லை.

இன்னொன்று: தேசிய மக்கள்தொகைப் பதிவேடு குடியுரிமைச் சட்ட விதிகளின் கீழ் வருவது. 2010இல் வீட்டுப் பட்டியலோடு சேர்த்தே அதற்கும் விவரம் வாங்கினார்கள். 15ஆம் பிரிவின் காப்பு அதற்குக் கிடையாது. எந்தப் படிவம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

நம்பிக்கை: காகிதம் பத்திரம், கைப்பேசிதான் ஆபத்து.

2011இல் சுமார் 27 லட்சம் பேர் காகிதப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்தக் கட்டுகள் ஆசிரியர் வீட்டு அலமாரியிலும் பையிலும் இருந்தன. எவர் புரட்டினாலும் தடயம் இருக்காது. ஆனால் இணையமும் தவறாத காவல் இல்லை. 2016 ஆகஸ்ட் 9 அன்று ஆஸ்திரேலியா மக்களை இணையத்தில் பதிவு செய்யச் சொன்னது. சிறு அளவிலான தாக்குதலுக்கே காவல் ஏற்பாடு குழம்பித் தளத்தை மூட வேண்டி வந்தது. சுமார் 40 மணி நேரம் அது திறக்கவில்லை. விவரம் எதுவும் களவு போகவில்லை, போனது மக்களின் நம்பிக்கை.

கிராமத்தில் கசிவு வரும் வழி இதைவிட எளிமையானது. கணக்கெடுப்பாளர் பயன்படுத்துவது பெரும்பாலும் சொந்தக் கைப்பேசி. மாலையில் வீடு திரும்பியதும் அதே கைப்பேசியைப் பிள்ளைகள் விளையாட்டுக்கு எடுப்பார்கள். செயலியில் ஏதோ சிக்கல் என்றால் திரையைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டு, “சார், இது ஏன் ஏறமாட்டேங்குது?” என்று கேட்பது வழக்கமான காரியம். அந்தப் படத்தில் ஒரு குடும்பத்தின் பெயர், சாதி, ஊனம், வயது எல்லாம் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டால் பக்கத்து வீடும் பதில்களைக் கேட்டுவிடும். தனித் திரைப்பூட்டு, படம் பகிரக் கூடாது என்ற கண்டிப்பு, உள்ளே போய்க் கேட்கும் பழக்கம் ஆகிய மூன்றையும் பயிற்சியின் முதல் நாளிலேயே பழக்க வேண்டும்.

நம்பிக்கை: பெயரை எடுத்துவிட்டால் யாரென்று தெரியாது.

இந்தியக் கணக்கெடுப்பு கிராம வாரியாகவே அட்டவணை வெளியிடுகிறது. ஒரு குக்கிராமத்தில் ‘பழங்குடியினர்: 1’ என்று வந்தால் அது யாரென்று அந்த ஊருக்கே தெரியும். இதனால்தான் அமெரிக்கா 2020 கணக்கெடுப்பில் சிறு பகுதிகளின் எண்களை வேண்டுமென்றே சற்றே கலைத்து வெளியிட்டது.

நம்பிக்கை: ஓடிபி கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

கூடவே கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தானே பதிவு செய்பவர் அரசுத் தளத்தில் தன் கையால் போடுவதற்குத்தான் ஓடிபி. வங்கிக் கணக்கு எண்ணோ ஏடிஎம் பின்னோ கணக்கெடுப்பின் கேள்விப் பட்டியலில் கிடையாது. அவற்றைக் கேட்டு யாராவது போன் செய்தால் அது மோசடி, சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். தானே பதிவு செய்து முடித்தவருக்குத் தளம் ஓர் அடையாள எண் தரும். வாசலுக்கு வருபவரிடம் அந்த எண்ணைக் காட்டினால் போதும்.