வான்கோழிக்குக் காவல்

மதுரைக்கு மேற்கே பாம்புபோல் நீண்டு கிடப்பது நாகமலை. அதன் அடிவாரத்து ஊர் நாகமலை புதுக்கோட்டை. இத்தகைய ஊர்களில் கொல்லைப்புறத்தே கோழியோடு வான்கோழியும் வளர்க்க விழைவார் உளர். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட வான்கோழி, 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. பின்னர் நம் நாட்டிற்கும் வந்தது.

கோழிமுட்டை 21 நாளிற் பொரியும்; வான்கோழி முட்டைக்கு 28 நாள் வேண்டும். வான்கோழிக்குஞ்சு எளிதில் இரை பொறுக்க அறியாது. முதற் சில நாள் உண்ணவும் நீர் பருகவும் பழக்காவிடின், உணவு அருகிருந்தும் பட்டினியால் மடியும்.

வளர்ந்த பின்னரும் வான்கோழிக்குப் பகை இரண்டு உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பகை. பகலில் நாயும் கீரியும் வரும். இரவில் நரியும் காட்டுப்பூனையும் மரநாயும் வரும். வான்கோழி மரக்கிளையில் உறங்க விரும்பும்; அங்ஙனம் விடலாகாது. பொழுது சாயுமுன் கூட்டில் அடைத்தல் வேண்டும். கூட்டிற்குச் சிறுகண் கம்பிவலை அடித்து, அதன் அடியை ஒரு முழம் மண்ணுட் புதைத்தல் நலம்.

மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாப் பகை. கோழியின் குடற்புழு முட்டை வழியே ஒருவகை நுண்ணுயிர் மண்ணிற் பரவும். கோழி அதனாற் பெரிதும் வருந்தாது. வான்கோழியோ ஈரல் புண்பட்டு மடியும். அப்புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாது கிடக்கும். ஆதலின் இரண்டிற்கும் கூடும் மேய்ச்சல் நிலமும் தனித்தனியே அமைதல் வேண்டும்.

நரிக்கு அஞ்சிக் கதவடைப்பார் பலர். மண்ணிலுள்ள பகையை எண்ணுவார் சிலர். இரண்டையும் எண்ணிக் காப்பவரே தம் உழைப்பின் பயனை அடைவர்.